காரா கடலும் கரிசல் நிலமும்

சங்கரன்கோவிலிலிருந்து நேர் வடக்கே, தீர்க்கரேகை பிசகாமல் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது பெங்களூரு நகரத்துக்குள் புகுந்து, டெல்லியை அடுத்த நொய்டா பக்கமாகப் போய், இமயத்தையும் காரகோரத்தையும் ஏறி இறங்கும். பிறகு கஜகஸ்தானின் பல்காஷ் ஏரி, அதன்பின் மேற்கு சைபீரியாவின் சதுப்புச் சமவெளி. நிலம் முடியும் இடத்தில் காரா கடல் தொடங்குகிறது. ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதி அது. நம் ஊரிலிருந்து அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 7,300 கிலோமீட்டர்.

வானிலை அறிவியலில் பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் ஒரு விவாதத்தின் நடுவே இந்தக் கடலும், இதற்கு மேற்கே உள்ள பேரன்ட்ஸ் கடலும் இருக்கின்றன. அங்கே கடற்பனி கரைவதால்தான் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலங்கள் திடீர் திடீரென்று கடுமையாகின்றனவா என்பதே விவாதம். பூமி சூடாகிறது என்கிறார்கள், பிறகு ஏன் இந்தக் குளிர் என்று கேட்பவர்களுக்குப் பதிலாக இந்த விளக்கம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. தமிழிலும் வருகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊர்க் குளிர். மார்கழி பிறந்தால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்து சரியும். பொங்கலை ஒட்டி கிலோ விலை ஆயிரங்களில் பேசப்படும். கேட்டால் விவசாயியும் வியாபாரியும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "பனி." அவர்கள் சொல்வது சரிதான். மல்லிகைச் செடி வெயிலுக்குப் பூப்பது. பங்குனி, சித்திரையில் அரும்பு கொட்டும். இரவு நீண்டு வெப்பம் இறங்கினால் அரும்பு கட்டுவது குறையும், கட்டிய அரும்பும் பருக்காமல் சிறுத்துப் போகும்.

ஆனால் அந்தப் பனி வட துருவத்திலிருந்து வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையில்லாமல் வான்வெளிக்குப் போய்விடுகிறது. காற்று அசையாத இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. மழை குடித்த மண்ணும் நிறைந்த குளங்களும் ஈரத்தைக் கொடுக்கின்றன. விடிகாலையில் இலை நுனியில் சொட்டுவது அந்த ஈரம்தான். அப்போதும் தென்காசி மாவட்டச் சமவெளியில் வெப்பமானி பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ போய், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால் இந்திய வானிலை ஆய்வு மையம் அதைக் குளிர் அலை என்று அழைக்கும். அந்தக் கணக்குக்கு நம் தை மாத இரவுகள் கிட்டவே வருவதில்லை. ஒன்பதாவது அட்சரேகையில் இருக்கும் ஊர் இது. போதாததற்கு, சைபீரியாவின் கனத்த குளிர்காற்று தரையோடு தரையாக இந்தியாவுக்குள் இறங்கிவிடாமல் இமயமும் திபெத் பீடபூமியும் மறித்து நிற்கின்றன.

காரா கடலில் நடப்பதற்கு வருவோம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. செயற்கைக்கோள்கள் 1979 முதல் ஆர்க்டிக் கடற்பனியைத் தொடர்ந்து அளந்து வருகின்றன. கோடை முடியும் செப்டம்பரில்தான் அதன் பரப்பு மிகக் குறைவாக இருக்கும். 1981 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில் அந்தக் குறைந்தபட்சப் பரப்பின் சராசரி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது 34 லட்சமாகச் சுருங்கியது. இந்தியாவின் பரப்பு கிட்டத்தட்ட 33 லட்சம். வட துருவத்தில் அந்த ஆண்டு எஞ்சியது ஓர் இந்தியா அளவு, இழந்தது இன்னோர் இந்தியாவுக்குச் சற்றுக் குறைவு. குளிர்கால முடிவில் பனி உச்சத்தைத் தொட வேண்டிய மார்ச் மாதத்திலும் 2025இல் 143 லட்சம் சதுர கிலோமீட்டரைத்தான் எட்டியது. அந்த ஆண்டு வரையிலான செயற்கைக்கோள் பதிவில் அதுவே மிகக் குறைந்த உச்சம். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

கடற்பனி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கோடையில், அதன் மேல் படிந்த வெண்பனி சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி விலகிய கடலோ விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் வேலை வேறு. கடல்நீர் உறையும் நிலை மைனஸ் 1.8 டிகிரி. மேலே காற்று மைனஸ் 20, மைனஸ் 30 என்று கிடக்கும். கொதிக்கும் பானைக்கு மூடி போட்டதுபோல் நடுவில் பனி கிடக்கும் வரை கடலின் வெப்பம் கடலோடு நிற்கும். மூடி விலகினால் அந்த வெப்பமும் ஈரமும் காற்றுக்குப் போகும். பேரன்ட்ஸ், காரா கடல்களில் மூடி அதிகம் விலகியிருக்கிறது என்பதால்தான் எல்லார் கண்ணும் அங்கே இருக்கிறது.

இதிலிருந்து குளிர்காலத்துக்கு எப்படிப் பாலம் கட்டினார்கள்? வடக்கு அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளுக்கு மேலே, எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசமே அதை ஓட்டுகிறது. ஆர்க்டிக் வேகமாகச் சூடானால் அந்த வித்தியாசம் குறையும். காற்றோட்டம் தளர்ந்து, பெரிய வளைவுகளோடு தள்ளாடும். வளைவு தெற்கே இறங்கிய இடத்தில் துருவக் குளிர் இறங்கி, நகராமல் பல நாள் உட்கார்ந்துவிடும். அமெரிக்க விஞ்ஞானிகள் ஜெனிஃபர் ஃபிரான்சிஸும் ஸ்டீஃபன் வாவ்ரஸும் 2012இல் முன்வைத்த வாதம் இது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் மசாட்டோ மோரியின் குழு இன்னும் குறிப்பாகச் சொன்னது: பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்ததால் மத்திய யுரேஷியாவில் கடும் குளிர்காலம் வரும் வாய்ப்பு இரு மடங்காகியிருக்கிறது.

காலமும் அந்த வாதத்துக்குத் துணை நின்றது. 2009–10, 2010–11 குளிர்காலங்கள் ஐரோப்பாவை உறைய வைத்தன. 2014 ஜனவரியில் வட அமெரிக்காவில் துருவச் சுழல் என்ற சொல் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது, டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீடுகள் உட்பட. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்து மின்சாரம் அறுந்தபோது, அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஆய்வாளர் ஜூடா கோகனும் சகாக்களும், துருவச் சுழல் எனப்படும், துருவத்துக்கு மேலே அடுக்கு மண்டலத்தில் சுழலும் காற்று நீண்டு இழுபடுவதற்கும் பேரன்ட்ஸ், காரா கடல்களின் பனி இழப்புக்கும் சைபீரியப் பனிப்பொழிவுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். கேட்பவர் மனதில் சட்டென்று ஒட்டும் விளக்கம்.

எதிர்வாதம் எழுந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் எலிசபெத் பார்ன்ஸ் 2013இலேயே, காற்றோட்டத்தின் வளைவை எந்த முறையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று காட்டினார். அதைவிட ஆழமான கேள்வியை ரஸ்ஸல் பிளாக்போர்ட், ஜேம்ஸ் ஸ்கிரீன் குழு 2019இல் கேட்டது. பனி குறைந்த குளிர்காலமும் சைபீரியாவில் குளிர் கூடிய குளிர்காலமும் ஒன்றாக வருகின்றன, சரி. எது எதற்குக் காரணம்? பனி இழப்பு காரணம் என்றால், அந்தக் குளிர்காலங்களில் வெப்பம் கடலிலிருந்து காற்றுக்குப் போயிருக்க வேண்டும். காற்றின் போக்கு காரணம் என்றால், தெற்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று கடலுக்கு வெப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் பனியைக் கரைத்ததும், மறுபக்கம் கண்டத்துக்குள் குளிரை இழுத்து வந்ததும் ஒரே காற்றுச் சுழற்சியாக இருக்கும். வெப்பம் எந்தத் திசையில் பாய்ந்தது என்று ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். குளிர் கடுமையாக இருந்த காலங்களில் காற்றுதான் முந்திக்கொண்டிருந்தது. பனி குறைந்ததால் வந்த குளிர் மிகச் சொற்பம் என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டில் பிளாக்போர்ட்டும் ஸ்கிரீனும், ஜெட் காற்றோட்டத்தின் வளைவுகள் பெரிதாகின்றன என்று முன்பு தெரிந்த போக்கு, பிந்தைய ஆண்டுகளின் தரவைச் சேர்த்ததும் நிற்கவில்லை என்று காட்டினார்கள். ஆர்க்டிக் மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தது.

பல நாடுகளின் கணினி மாதிரிகளுக்கு ஒரே கணக்கைக் கொடுத்து, பனியை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் கூட்டு முயற்சியும் நடந்தது. ஆய்வாளர் டக் ஸ்மித் தலைமையில் 2022இல் வெளியான முடிவு இரு தரப்புக்கும் பாதிப் பாதி பதில் சொன்னது. பனி குறைந்தால் நடு அட்சரேகைகளின் மேற்குக் காற்று தளர்வது உண்மை. மாதிரிகள் அதில் ஒத்துப்போகின்றன. ஆனால் விளைவு சின்னது. ஓர் ஆண்டுக்கும் இன்னோர் ஆண்டுக்கும் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அது கணக்கு சொல்லும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021இல் வந்த ஆறாவது அறிக்கையும், ஆர்க்டிக் வெப்பம் நடு அட்சரேகை வானிலையை மாற்றுகிறது என்ற கூற்றுக்குக் குறைந்த நம்பகம்தான் கொடுத்தது. அதே அறிக்கை, உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் கடுங்குளிர் நாட்கள் குறைந்தும் தணிந்தும் வருகின்றன என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறது.

என் தீர்ப்பும் இதுவே. பனி இழப்பால் குளிர் கூடுகிறது என்ற கதை பொய்யல்ல. அதன் உண்மையான எடையைவிடப் பல மடங்கு பெரிதாகச் சொல்லப்பட்டுவிட்டது. பூமி சூடாவதை நிரூபிக்க அது தேவையும் இல்லை. வெப்பமயமாதலை ஏற்காதவர் ஒரு குளிர் அலையைக் காட்டி வாதாடும்போது, அந்தக் குளிரும் வெப்பமயமாதலால்தான் வந்தது என்று அவசரமாகப் பதில் சொல்வது நம் கையிலுள்ள வலுவான ஆதாரத்தை விட்டுவிட்டு பலவீனமானதைப் பிடித்துக்கொள்வதாகும்.

வட இந்தியாவின் குளிருக்கும் இது பொருந்தும். 2019 டிசம்பர் 30 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் பகல் வெப்பநிலை 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901க்குப் பிறகு அங்கே டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் இருந்ததில்லை. 2023 ஜனவரியில் அதே இடத்தில் ஓர் இரவு 1.4 டிகிரி வரை இறங்கியது. இவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள், அவை கடந்தபின் இமயச் சரிவிலிருந்து இறங்கும் வடமேற்குக் காற்று, கங்கைச் சமவெளியை நாள்கணக்கில் மூடி வெயிலை மறைக்கும் மூடுபனி, பசிபிக்கில் கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா இருக்கிறதா இல்லையா என்பது. துருவத்தைத் தேடிப் போகும் முன் இவற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தொலைதூரத் தொடர்புகளை நம்பி ஏமாந்ததும், அவற்றைச் சோதிக்கக் கற்றுக்கொண்டதும் இந்திய வானிலை அறிவியலின் சொந்த வரலாறு. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது 1876–78இல். அதன்பின் மழையை முன்கூட்டிச் சொல்லும் வழி தேடிய ஹென்றி பிளான்ஃபோர்டு, இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர், 1884இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இமயத்தில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் பருவமழை குறைகிறது என்றார். 1886இல் அதை வைத்துப் பருவகால முன்னறிவிப்பும் வந்தது. சில ஆண்டுகள் பலித்தது. பிறகு அந்தத் தொடர்பு நம்பத்தக்கதாக இல்லாமல் போனது. 1904 முதல் 1924 வரை அந்தத் துறையின் தலைவராக இருந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகெங்கிலுமிருந்து அழுத்தம், வெப்பம், மழைத் தரவுகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் சூடாகும் எல் நினோவை நாம் புரிந்துகொள்ள உதவும், காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் தெற்கு ஊசலாட்டத்தை அவர் கண்டது அப்படித்தான். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நூறு ஒப்பீடுகள் செய்தால் அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே மிக நெருக்கமான உறவு காட்டும், அந்தத் தற்செயலைக் கழித்த பிறகே உறவை நம்ப வேண்டும் என்று 1914இல் அதற்கான அளவுகோலை வகுத்துக் கொடுத்தார். நாற்பத்துச் சொச்சம் ஆண்டுச் செயற்கைக்கோள் தரவை வைத்து காரா கடலை உலகின் ஏதோ ஓர் ஊரோடு இணைக்கும் எவரும் வாக்கரின் அளவுகோலைத் தாண்டி வர வேண்டும்.

இந்தியாவும் இந்தத் தேடலில் வெறும் பார்வையாளர் அல்ல. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 79ஆவது அட்சரேகையில், நி-ஓலெசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அங்குள்ள கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014 ஜூலையில், சுமார் 190 மீட்டர் ஆழத்தில், இண்டார்க் என்ற கருவித்தொகுதியை நங்கூரமிட்டார்கள். கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் நீரோட்டத்தையும் ஆண்டு முழுவதும் பதியும் அந்தத் தொகுதியை வடிவமைத்தது சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். கோடையில் மட்டும் போய்வந்த இந்திய விஞ்ஞானிகள் 2023 டிசம்பரில் முதல் குளிர்காலப் பயணமும் தொடங்கினார்கள். இருண்ட ஆர்க்டிக் குளிர்காலத்தில் கடலும் காற்றும் வெப்பத்தை எப்படிப் பரிமாறிக்கொள்கின்றன என்பதுதானே விவாதத்தின் மையம்? அங்கே கோடை அளவுகள் மட்டும் போதவே போதா.

இந்த முயற்சிகளிலிருந்து வந்த முடிவுகளில் நமக்கு நெருக்கமானது குளிரைப் பற்றியது அல்ல, மழையைப் பற்றியது. கோவாவிலுள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடையில் காரா கடலின் பனி குறையும் ஆண்டுகளில், செப்டம்பரில் மத்திய இந்தியாவில் அதிகன மழை கூடுகிறது என்ற தொடர்பை அவர்கள் கண்டார்கள். வடமேற்கு ஐரோப்பாவுக்கு மேலே உயர் அழுத்தம் உருவாகி, அங்கிருந்து ஓர் அலை ஆசியாவுக்கு மேலே பரவி வந்து, சூடான அரபிக்கடலிலிருந்து ஈரம் உள்ளே வர வழி செய்கிறது என்பது அவர்கள் விளக்கம். கட்டுரையின் தலைப்பிலேயே 'சாத்தியமான தொடர்பு' என்றுதான் போட்டிருக்கிறார்கள். பிளான்ஃபோர்டின் கதை தெரிந்தவர்களின் எச்சரிக்கை அது. நான் அதை மதிக்கிறேன்.

சங்கரன்கோவிலுக்கு உயிர்நாடி வடகிழக்குப் பருவமழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே சாரலோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்தால்தான் ஆண்டு ஓடும். அந்த மழைக்கும் சைபீரியாவுக்கும் ஒரு நூல் இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனத்த உயர் அழுத்தம் குவிந்து, அதிலிருந்து குளிர்காற்று அவ்வப்போது கிழக்கு ஆசியா வழியாகத் தென் சீனக் கடலுக்குப் பீறிட்டு இறங்கும். அந்தக் கடல் வழியில் சூடேறி ஈரம் குடித்த காற்று, கிழக்குக் காற்றை வலுவாக்கி வங்கக்கடல் வரை வந்து மழைக்குக் கைகொடுப்பதுண்டு. இமயம் மறித்த குளிர் சுற்றிவந்து நமக்கு மழையாக இறங்கும் வழி இது. காரா கடலின் பனி இழப்பு சைபீரிய உயர் அழுத்தத்தை எவ்வளவு மாற்றுகிறது என்ற கேள்விக்கு நம் ஊரில் பொருள் கிடைப்பது இந்த இடத்தில்தான். டெல்லியின் குளிரைவிட இதுதான் தென் தமிழகத்து ஆய்வாளர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய கேள்வி.

அதற்காக ஒவ்வொரு பெருமழையையும் துருவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழைக்குக் குமரிக்கடல் பகுதியில் நின்ற வளிமண்டலச் சுழற்சி கண்ணெதிரே இருந்தது. அந்த ஆண்டு எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்கு சூடாகிக் கிழக்கு குளிரும் நேர்மறை இருமுனையும் சேர்ந்தே இருந்தன. கடலும் சூடாக இருந்தது. ஏழாயிரம் கிலோமீட்டர் தொலைவில் காரணம் தேடுவதற்கு முன், சூடான காற்று கூடுதல் ஈரம் தாங்கும் என்ற எளிய இயற்பியலையும், தூர்ந்த குளங்களையும் அடைபட்ட ஓடைகளையும் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பேரன்ட்ஸ் கடல் தமிழர் கண்படாத கடல் அல்ல. 1980களில் அகதிகளாக நார்வே போன ஈழத்தமிழர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன்பிடித் துறைமுகங்களில், மீன் பதப்படுத்தும் ஆலைகளில் உழைத்தார்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழாத ஊர்கள் அவை. அவர்கள் வேலை பார்த்த கரையோரக் கடல் அட்லாண்டிக் நீரோட்டத்தின் வெப்பத்தால் உறைவதே இல்லை. அந்த வெப்பநீர்தான் இப்போது இன்னும் வடக்கே, கிழக்கே ஏறி, பனி விளிம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தக் கரையில் வாழ்ந்த தமிழர் நினைவுகள் எழுதப்பட வேண்டியவை.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைதூரத் தொடர்பு எதையும் சோதிக்க நீண்ட காலப் பதிவு வேண்டும். கடற்பனியின் செயற்கைக்கோள் பதிவுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளில் எந்தத் தேதியில் எத்தனை கிலோ மல்லிகை, எத்தனை கிலோ பிச்சி வந்தது என்று எழுதிய கணக்கு நோட்டுகள் இருக்கும். மார்கழியில் வரத்து எந்த நாளில் சரிந்தது, தையில் எந்த நாளில் மீண்டது என்பதெல்லாம் அவற்றில் கிடக்கிறது. பக்கத்திலுள்ள வானிலை நிலையத்தின் இரவு வெப்பநிலையோடு அவற்றை வைத்துப் பார்த்தால், நம் குளிர்கால இரவுகள் மாறுகின்றனவா என்பதற்கு உள்ளூர் ஆதாரமே கிடைக்கும். கடைக்காரர்களே, அந்தப் பழைய நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். கல்லூரி ஆசிரியர்களே, மாணவர்களை அனுப்பி அவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். இந்தப் பொங்கலுக்கு முன்பே தொடங்கலாம்.